பெருங்குடல் புற்றுநோய்: திசுநோயியல்வழி முன்கணிப்பு

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து எடுத்த குடல்பகுதியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நோய் திரும்புமா, நோயாளி எவ்வளவு காலம் வாழக்கூடும் என்று கணிப்பது திசுநோயியல்வழி முன்கணிப்பு.

இதற்கு அடித்தளமிட்டவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியலர் கத்பர்ட் டியூக்ஸ். மலக்குடல் புற்றை அவர் 1932இல் மூன்றாக வகுத்தார். குடற்சுவருக்குள் அடங்கியது ஏ. சுவரைத் தாண்டியும் நிணநீர்க்கணுக்களை எட்டாதது பி. கணுக்களுக்குப் பரவியது சி. 1935இல் சி பிரிவு, கணுப்பரவலின் தொலைவைப் பொறுத்து இரண்டாக்கப்பட்டது. அமெரிக்காவின் ஆஸ்ட்லரும் காலரும் 1954இல் இவ்வகைப்பாட்டைத் திருத்தினர். பின்னர், பிரான்சின் பியர் டெனுவா 1940களில் உருவாக்கத் தொடங்கிய டிஎன்எம் முறை பொதுவழக்காயிற்று. கட்டியின் ஆழம், கணுக்கள், தொலைவிடப் பரவல் ஆகிய மூன்றும் அதில் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. கணுக்களில் நோய் இல்லை என்று நம்பிச் சொல்ல, குறைந்தது 12 கணுக்களையாவது ஆராய வேண்டும் என்பது இன்றைய நெறி.

அறுவையின் தரமும் திசுவில் தெரியும். மலக்குடலின் சுற்றுவிளிம்பைப் புற்று எட்டியிருந்தால் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்பதை லீட்ஸ் நகரின் பிலிப் குவிர்க் குழுவினர் 1986இல் காட்டினர். கட்டிக்கும் விளிம்புக்கும் இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவெனில், விளிம்பில் நோய் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது.

ஆனால் ஒரே நிலையிலுள்ள நோயாளிகளுக்கும் முடிவு வேறுபட்டதால், பரவலின் எல்லையோடு கட்டியின் இயல்பும் ஆராயப்பட்டது. ஜெரமி ஜாஸ் 1987இல் கட்டியோரத்தின் வளர்ச்சிப் பாங்கையும் நிணநீர் அணுக்களின் திரட்சியையும் கணிப்பில் சேர்த்தார். கட்டியின் முன்விளிம்பில் தனியாகவோ நான்கு அணுக்கள் வரையிலான சிறு கொத்துகளாகவோ பிரிந்து நிற்கும் புற்றணுக்கள் ‘கட்டி மொட்டுகள்’ எனப்படுகின்றன. அவற்றை எண்ணும் முறை 2016இல் பெர்ன் நகரில் ஒருமைப்படுத்தப்பட்டது: 0.785 சதுர மி.மீ. பரப்பில் 0–4 குறைவு, 5–9 நடுத்தரம், 10க்கு மேல் மிகுதி. சரியாக 10 இருந்தாலும் மிகுதியே. எதிர்ப்பணுக்களின் வகை, அடர்த்தி, அமைவிடம் ஆகியவை நோயின் போக்கை உணர்த்தும் என்று பிரான்சின் ஜெரோம் கலோன் குழு 2006இல் நிறுவியது. சிடி3, சிடி8 வகை எதிர்ப்பணுக்களை அளக்கும் ‘இம்யூனோஸ்கோர்’ அதிலிருந்து பிறந்தது.

டிஎன்ஏ பிழைதிருத்தப் புரதங்களான எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஆகியவற்றைத் திசுச்சீவலில் சாயமேற்றிப் பார்ப்பதும் இன்று வழக்கம். இவற்றில் குறையுள்ள கட்டி இரண்டாம் நிலையில் (சுவரைத் தாண்டியும் கணுக்களை எட்டாத நிலையில்) இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. பரவிவிட்ட நிலையில் அதே குறை, நோயெதிர்ப்புச் சிகிச்சை பலன் தரக்கூடும் என்பதற்கு அறிகுறி. லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாட்டை ஐயுறவும் இச்சோதனை வழிசெய்கிறது.