செவ்வாய்க் குடியேற்ற அறம்

செவ்வாய்க் கோளில் மனிதர் குடியேறலாமா, குடியேறினால் எந்த வரம்புக்குள் என்று ஆராயும் அறவியல் பிரிவு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், எந்த நாடும் வான்பொருள்களைத் தனக்கென உரிமையாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது. அவற்றுக்குத் தீங்கான மாசு சேராமல் காக்கவும் பணிக்கிறது.

இந்த மாசுச் சிக்கலின் வேர் நுண்ணுயிர்கள்தாம். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை, ஏவுவதற்கு முன் 110 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்துத் தூய்மைப்படுத்தினார்கள். மனித உடலை அப்படிச் செய்ய இயலாது. செல்லும் ஒவ்வொருவரும் கோடானுகோடி நுண்ணுயிர்களைச் சுமந்தே செல்வார். அங்கே உயிர் இருந்து, நம்முடையவை அதனோடு கலந்துவிட்டால், அதை அதுவாகவே அறியும் வாய்ப்பு என்றென்றைக்கும் போய்விடும். இதைவிடப் பெரிய இழப்பு இந்த விவாதத்தில் வேறில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே வாழ்ந்தாலும் செவ்வாய் அவற்றுக்கே உரியது என்று வானியலாளர் கார்ல் சேகன் 'காஸ்மாஸ்' (1980) நூலில் வாதிட்டார். மாறாக, விண்வெளிப் பொறியாளர் ராபர்ட் சுப்ரின் குடியேற்றத்தை ஆதரிப்பவர்.

அங்கே பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றிய பேச்சு போதாது. பூமியின் ஈர்ப்பில் சுமார் 38 விழுக்காடே உள்ள இடத்தில் வாழும் அந்த வாழ்வை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். மூச்சுக்காற்றுக்கும் குடியிருப்பை நடத்துபவரையே நம்பியிருப்பார்கள்.