வாத்தியார் வீட்டில் திருட்டு

ஹார்வர்டில் ஹூகோ மூன்ஸ்டர்பர்க்னு ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தார். ஜெர்மன்காரர். குடும்பத்தோட கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குப் போயிருந்தப்ப அவர் வீட்டுல திருட்டு நடந்துடுச்சு. வந்து சுத்திப் பார்த்தவர், பின்னாடி கோர்ட்டுல சத்தியம் பண்ணி சாட்சி சொன்னார்: வந்தது ரெண்டு பேர், நிலவறை ஜன்னல் வழியா நுழைஞ்சிருக்காங்க, மாடியில மெழுகு சொட்டியிருந்தது, பெரிய கடிகாரத்தைக் காகிதத்துல சுத்தி சாப்பாட்டு மேசை மேல விட்டுட்டுப் போயிருந்தாங்க.

எல்லாமே தப்பு! ஜன்னல் வழியா யாரும் வரலை. மெழுகு இருந்தது மாடியில இல்லை, பரண்ல. கடிகாரத்தைச் சுத்தியிருந்தது மேசைத்துணி. காணாமப் போன துணிமணி, சொன்ன கணக்கை விட ஏழு கூடுதல். வந்தது ஒருத்தனுக்கு மேலயாங்கிறதுக்கே ஆதாரம் இல்லை.

இத்தனைக்கும் மனுஷன் மறதிக்காரர் இல்லீங்க. பதினெட்டு வருஷத்துல சுமார் 3000 விரிவுரைகளை ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லாம எடுத்தவர். இதையெல்லாம் அவரே 1908-ல் வந்த 'ஆன் தி விட்னஸ் ஸ்டாண்ட்' புத்தகத்துல எழுதியிருக்கார். பொய் சொல்ற சாட்சியைப் பத்தி சட்டம் ரொம்பவே யோசிச்சிருக்கு, நிஜம்னு நம்பித் தப்பாச் சொல்ற சாட்சியைப் பத்தி யோசிக்கலைங்கிறதுதான் அவரோட வாதம்.

அவர் எடுத்துக்காட்டின ஒரு பரிசோதனை 1901-ல் பெர்லினில் நடந்தது. சட்டப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட் (பியானோ மேதை லிஸ்ட்டுக்கு உறவுதான்) வகுப்புல திடீர்னு ரெண்டு மாணவர்களுக்குள்ள சண்டை. ஒருத்தர் துப்பாக்கியை எடுக்க, இன்னொருத்தர் பாய, களேபரம். எல்லாம் முன்னாடியே எழுதி ஒத்திகை பார்த்த நாடகம்! பார்த்தவங்களை எழுதச் சொன்னா, இருக்கறதுலயே நல்ல சாட்சி 26 சதவீதம் தப்பு, மோசமானவர் 80 சதவீதம். வாயே திறக்காத ஆட்கள் பேசினதா எழுதியிருந்தாங்க.

அப்பவே கோர்ட்டுகள் காது கொடுத்திருக்கலாம். ஆனா மூன்ஸ்டர்பர்க் வக்கீல்களையும் நீதிபதிகளையும் விவரம் தெரியாதவங்க ரேஞ்சுக்கு எழுதி வச்சார். சும்மா விடுவாங்களா? சாட்சியச் சட்டத்துல பெரிய கை, ஜான் விக்மோர், 1909-ல் ஒரு கிண்டல் கட்டுரை போட்டார். வக்கீல்கள் சேர்ந்து மூன்ஸ்டர்பர்க் மேல மானநஷ்ட வழக்கு போடுற மாதிரி கற்பனை. விசாரணை நாள் ஏப்ரல் 1, நஷ்டஈடு ஒரு டாலர் :-) இத்தனை உறுதியாப் பேசுறீங்களே, நாளைக்கே கோர்ட்டுல பயன்படுத்துற மாதிரி என்ன கைவசம் இருக்குன்னு கேட்டார். என் கணக்குல அது நியாயமான கேள்விதான். ஆனா சட்ட உலகம் சிரிப்பை எடுத்துக்கிச்சு, கேள்வியை விட்டுடுச்சு. மூன்ஸ்டர்பர்க் 1916-ல் வகுப்பெடுக்கும்போதே சரிஞ்சு விழுந்து இறந்தார்.

1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அடையாளம் காட்டினதை நம்பலாமான்னு பார்க்க ஒரு பட்டியல் கொடுத்தது. அதுல ஒண்ணு, சாட்சி எவ்வளவு உறுதியா சொல்றார்ங்கிறது. (தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு.) ரெண்டே வருஷத்துல, 1974-ல், எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் காட்டிக் கேள்வி கேட்டாங்க. ஒரு குழுவுக்கு "நொறுங்க மோதினப்ப" என்ன வேகம், இன்னொரு குழுவுக்கு வெறும் "இடிச்சப்ப" என்ன வேகம். ஒரு வாரம் கழிச்சு, உடைஞ்ச கண்ணாடி பார்த்தீங்களான்னு கேட்டா, முதல் குழுவுல 50-க்கு 16 பேர் ஆமான்னாங்க, மத்ததுல 7 பேர். படத்துல கண்ணாடியே உடையலை.

1984-ல் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். எப்படியும் இவனைப் பிடிச்சுக் கொடுக்கணும்னு அந்த நேரத்துலயும் முகத்தை மனசுல பதிய வச்சுக்கிட்டவர். போட்டோவுல ஒருத்தரைக் காட்டினார். அடுத்து நேர்ல நிக்க வச்ச வரிசையிலும் அவரையே காட்டினார். ரெண்டுலயும் இருந்தது அந்த ஒரே ஆள்தான். 1987 மறுவிசாரணையில உண்மையான குற்றவாளியையே கோர்ட்டுல கொண்டுவந்து நிறுத்தினாங்க. இவரை நான் பார்த்ததே இல்லைன்னுட்டார். 1995-ல் டிஎன்ஏ சோதனை வந்தப்பதான் நிரபராதி வெளியே வந்தார், பத்து வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டு. பின்னாடி ரெண்டு பேரும் நண்பர்களாகி, 2009-ல் 'பிக்கிங் காட்டன்'னு சேர்ந்தே புத்தகம் எழுதினாங்க.

2011-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நினைவு எப்படியெல்லாம் மாறும்னு ஜூரிக்கு விளக்கமாச் சொல்லணும்னு உத்தரவு போட்டது. மூன்ஸ்டர்பர்க் புத்தகத்துக்கு 103 வருஷம் கழிச்சு. வாஷிங்டன்ல அந்த 1972 பட்டியல் இன்னும் அப்படியேதான் இருக்கு.