ஏலமலைச் சரிவில் பழைய ஜீப்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூருக்கு, மலையில் விளைவதை விலையாக்கிக் கீழ்நாட்டுக்கு அனுப்புவதே தலைமுறை தலைமுறையாக ஜீவனோபாயமாக இருந்து வந்திருக்கிறது. ஏலக்காயும் காப்பியும் தேயிலையும் மேலே விளைகின்றன. அவற்றைத் தரம் பிரிப்பவரும், விலை கூறுபவரும், தோட்டத்துக்கு முன்பணம் கொடுப்பவரும் கீழே வாழ்கின்றனர். ஆகவே இவ்வூரின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும், மலைக்கும் ஊருக்கும் இடையே சுமை எவ்வாறு இறங்கியது, மனிதர் எவ்வாறு ஏறினர் என்ற கேள்விக்கே முதலில் விடை தேட வேண்டியவராகிறார். அந்த விடையில் நாடு விடுதலையடைந்த காலந்தொட்டுள்ள பகுதி பெரும்பாலும் ஜீப் என்னும் திறந்த வாகனத்துக்கு உரியது. அவ்வாகனம் பழையதாகி, பேணி வைத்திருந்தவரின் வாசலை விட்டு வேறொருவர் கைக்குப் போகும் வழக்கத்தையும், அவ்வாறு போகும்போது நாம் இழப்பது இன்னதென்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜீப் வருவதற்கு முன்னர் இச்சரிவுகளில் சுமை இறக்கியவை பொதிமாடும் கழுதையும் கூலியாளின் தலையுமேயாம். மூணாற்றைச் சுற்றிய குன்றுகளில் தேயிலைத் தோட்டங்கள் விருத்தியடைந்தபோது, தோட்டத் துரைமார்கள் இக்குறைக்கு யந்திர சாதனங்களால் பரிகாரம் காண முயன்றனர். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டு, அதன்மீது காளைகள் வண்டிகளை இழுத்துச் சென்றன. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் வந்து சேர்ந்த தேயிலைப் பெட்டிகள், கம்பிவடத்தில் தொங்கியவாறு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் பள்ளத்தாக்கின் மேலாக இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. அதனாலேயே கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயரும் வழங்கலாயிற்று. அங்கிருந்து மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர் பிரயாணம் செய்து போடிக்கு வந்த பெட்டிகளே பின்னர் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி இங்கிலாந்து சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலைமேலிருந்த அந்தச் சிறு ரயிலை அடியோடு அழித்துவிட, அது மறுபடியும் கட்டப்படவேயில்லை.

அழிந்தது மேலிருந்த ரயில். கீழே, மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. ஆயினும் இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது, யுத்தத் தேவைக்கென அப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே அவை திரும்பவும் இடப்பட்டன. இங்கே சரித்திரத்தின் கணக்கு வியக்கத்தக்கதாக இருக்கிறது. எந்த யுத்தம் இவ்வூரின் இரும்புப் பாதையை வாங்கிக்கொண்டதோ, அந்த யுத்தத்துக்கென்றே உருவான வாகனந்தான் பிற்காலத்தில் இவ்வூரின் மலைப்பாதைகளை ஆளப் போகிறது.

1940-இல் அமெரிக்க ராணுவம், சேற்றிலும் மணலிலும் மலையிலும் ஓடக்கூடிய இலேசான சாரணர் வண்டி ஒன்றை வேண்டியபோது, பென்சில்வேனியாவின் பேண்டம் என்னும் சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து காட்டிற்று. பின்னர் ஒஹையோவின் டொலீடோ நகரத்து வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து, 1945-க்குள் ஏறக்குறைய 6,40,000 வண்டிகளைக் கட்டி முடித்தன. நான்கு சிலிண்டர்களும் அறுபது குதிரைத் திறனும் உள்ள எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, முன் பின் சக்கரங்களுக்கிடையே எண்பதே அங்குல நீளம், மடக்கிப் பானெட்டின் மீது படுக்க வைக்கத்தக்க முன்கண்ணாடி, கூரைக்குப் பதிலாக ஒரு கான்வாஸ் படுதா: இவ்வளவுதான் அவ்வண்டி. யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தின் அபிங்டன் நகரத்திலிருந்து எம்.ஜி. டி.சி. என்ற இருவர் அமரும் திறந்த கார் வெளிவந்தது. 1945-க்கும் 1949-க்கும் இடையில் சுமார் 10,000 மட்டுமே செய்யப்பட்ட அந்தக் கார், காற்று முகத்தில் மோத உல்லாசமாக ஓட்டுவதற்கென்றே பிறந்தது. மேல்நாட்டில் அத்தகைய காரை விற்க நேர்ந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் அதை நினைத்து ஏங்குவதுண்டு. போடியில் அந்த ஏக்கத்துக்கு உரியதாக அமைந்த திறந்த வண்டி ஜீப். உல்லாசத்துக்காக அன்றி உழைப்புக்காக வாங்கப்பட்டதாயினும், அன்பில் அது சிறிதும் குறைந்ததன்று.

யுத்தம் முடிந்தபின் மிச்சப்பட்ட ராணுவ வண்டிகள் இந்தியாவில் ஏலத்தில் விடப்பட்டன. 1945-இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, தேசப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானதால், 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா என்ற பெயர் பெற்றது. அக்கம்பெனி அமெரிக்காவிலிருந்து பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டித் தந்த வில்லிஸ் ஜீப்புகளும், பிறகு உள்நாட்டிலேயே செய்த உயர்ந்த பானெட்டுள்ள ஜீப்புகளும், தோட்டக்காரர்கள் விரும்பித் தேடும் வாகனங்களாயின. அதன் காரணம் அறிதற்கு எளிது. போடியிலிருந்து முந்தல் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தார் போட்ட அந்தப் பாதையை எந்த மோட்டாரும் ஒருவாறு ஏறிவிடும். ஆனால் பிரதான சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கும் வழியோ, பாறையும் வேரும் செம்மண் சேறுமாகக் கிடக்கிறது. ஏலச்செடி நிழலும் ஈரமும் இல்லாமல் வாழாது. ஆகஸ்டில் தொடங்கிப் பல மாதங்கள் நீளும் காய் எடுப்பின் முற்பகுதி முழுவதும் மழையிலேயே கழிகிறது. அந்த வழியில், அந்த மழையில், பச்சைக்காய் மூட்டைகளை அன்றன்றே உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தாமதித்தால் காயின் பச்சை நிறம் கெட்டு, விலையும் கெடும். இந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்தது ஜீப் ஒன்றுதான்.

சரக்கைப் போலவே மனிதரையும் அது சுமந்தது. போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியுமுன் எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, கேரள எல்லை தாண்டிச் சென்று காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும் பெண்களின் வாழ்க்கை ஜீப்பின் பின்பலகையில் கழிந்த வாழ்க்கையாகும். அளவுக்கு மீறி ஆளேற்றியதால் நேர்ந்த விபத்துகளும் அவ்வரலாற்றின் பகுதியே. அவற்றை மறைத்துவிட்டு ஜீப்பின் புகழை மட்டும் பாடுவது, அவ்விபத்துகளில் மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இவ்வாறு உழைத்த வண்டி, டொலீடோவிலோ பம்பாயிலோ பிறந்த உருவத்தோடு நெடுநாள் இருக்க இயலவில்லை. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது பலர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைப் பொருத்தினர். கம்பெனியும் டீசல் ஜீப்புகளையே மிகுதியாக விற்கத் தொடங்கிற்று. பட்டறைக்காரர் துருப்பிடித்த தகரத்தை அறுத்தெடுத்துப் புதுத்தகரம் வைத்துப் பற்றவைத்தார். பின்புறத்தில் எதிரெதிராக நீண்ட பலகைகளை அமைத்தார். மூட்டை கட்டத் தக்கவாறு மேலே கம்பிச் சட்டம் வளைத்தார். சேற்றுக்கென்று பட்டன் டயர் மாட்டினார். கார்காலத்தில் படுதாவின் ஓரத்தை இறக்கிக் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கோடையில் அதைச் சுருட்டி மேலேற்றி விடுவதும் ஓட்டுநருக்கு நித்திய கருமங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு ஒட்டும் ஒரு பருவத்தின் வரவு செலவைச் சொல்லும்.

அத்தகைய ஜீப்பை விற்பது என்பது போடியில் பெரும்பாலும் ஏலக்காய் விலையோடு பிணைந்த காரியம். 2019 ஆகஸ்டில் நடந்த ஓர் ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் என்னும், அதுவரை கண்டிராத உச்ச விலை கிடைத்தது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அவ்விலை பெரும் சரிவு கண்டது. காய் விலை ஏறும் ஆண்டில் புதிய வண்டி வாங்குவதற்காகப் பழையது கைமாறுகிறது. விலை விழும் ஆண்டில் கூலியும் உரக்கடனும் தீர்ப்பதற்காகக் கைமாறுகிறது. முன்னதில் விற்பவர் முகத்தில் சிறிது பெருமிதமுண்டு. பின்னதில் அது இல்லை.

விற்பனை நடக்கும் முறையும் கவனித்தற்குரியது. தரகர் அழைத்து வரும் வாங்குபவர் முதலில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லை. குனிந்து சேஸிஸைத் தட்டிப் பார்க்கிறார், ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுகிறார், லோ கியரில் போட்டு மேட்டில் ஒருமுறை ஏற்றச் சொல்கிறார். விலை படிந்து அட்வான்ஸ் கைமாறியபின், சேஸிஸ் எண்ணின் மீது ஒரு காகிதத் துண்டை வைத்துப் பென்சிலால் தேய்க்க, இரும்பில் வெட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும்புகின்றன. அக்காகிதம் பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு ஒட்டப்படுகிறது. விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு 29-ஆம் எண் படிவம். இருவரும் கையெழுத்திடுவது 30-ஆம் எண் படிவம். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வேறு மாநிலத்தாருக்கு விற்றால் 45 நாட்களுக்குள்ளும் விற்றவர் தம் கடமையை முடிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்; பிற மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்றும் தேவை. முன்பே திருவிதாங்கூருக்கு உரியவையாக இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று அமைந்த கேரளத்திலேயே நிலைத்ததால், வீடு போடியிலும் தோட்டம் எல்லைக்கு அப்பாலும் உடைய குடும்பங்கள் பல. ஒரே மலையின் இரு சரிவுகளுக்கிடையே ஜீப்பை விற்பதற்கும் இரண்டு அரசாங்கங்களின் முத்திரை வேண்டியதாயிற்று.

இந்தக் காகிதங்களுள் மிகுந்த மதிப்புடையது, பக்கங்கள் மஞ்சளித்துப்போன பழைய ஆர்.சி. புத்தகம். அட்டை வடிவப் பதிவுச் சான்று வருமுன் வழங்கிய அப்புத்தகத்தில், வண்டியை வைத்திருந்த ஒவ்வொருவரின் பெயரும் விலாசமும், பெயர் மாறிய தேதியும் முத்திரையோடு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தோட்ட முதலாளியிடமிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து அவரிடம் வேலை பார்த்த ஓட்டுநருக்கும் ஒரே ஜீப் இறங்கி வந்த கதையை, எந்தச் சரித்திர ஆசிரியனும் எழுதாத ஒரு கிரமத்தில், அலுவலக குமாஸ்தாக்கள் எழுதி வைத்திருக்கின்றனர்.

இன்று வாங்க வருபவர்கள் இருவகையினர். ஒருவகையினர், சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்காரர்கள். கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும் அங்கே வண்டி போகும் வழி கேரளத்தின் வழியேதான் செல்கிறது. அந்த வழியில் ஜீப் இன்றும் தன் தொழிலையே செய்து வருகிறது. மற்றவர் பெருநகரங்களிலிருந்து வரும் சேகரிப்பாளர்கள். அவர்கள் பழைய வண்டியின் மீது மெய்யான பற்றுடையவர்கள். ஆனால் வாங்கியதும் டீசல் எஞ்சினையும் பலகைகளையும் கம்பிச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, ராணுவப் பச்சை பூசி, 1945-ஆம் ஆண்டின் யுத்த வண்டியாக அதை மாற்ற விரும்புகின்றனர். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட பழமை வாகன விதிகளும் இதற்கே அனுகூலமாக உள்ளன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், பெரிய மாற்றமின்றி மூல உருவில் உள்ளதுமான வண்டியே அவ்விதிகளின்படி பழமை வாகனம்; அதற்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் வி.ஏ. என்ற எழுத்துகளையுடைய தனி எண் வழங்கப்படுகிறது. அத்தகைய வண்டியை விற்றால் இரு தரப்பாரும் 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மலைச்சரிவில் உழைத்து உருமாறிய போடி ஜீப்புக்கு அந்தக் கௌரவத்தில் இடமில்லை.

விதியின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. மூல உருவத்தைக் காப்பதும் ஒரு தர்மமே. ஆயினும் வில்லிஸ் கம்பெனியின் யுத்த ஜீப்பை மூல உருவில் காண விரும்புவோர்க்கு உலகெங்கும் வண்டிகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஏலமலையில் பச்சைக்காயும் கூலிப்பெண்களும் ஏறி இறங்கிய ஜீப்போ, இங்கன்றி வேறெங்கும் இல்லை. அதன் டீசல் எஞ்சினும், பட்டறைக்காரர் வைத்த ஒட்டும், தேய்ந்து மினுங்கும் பின்பலகையுமே இம்மலையின் வரலாறு. அவற்றைப் பெயர்த்தெடுத்த பின் எஞ்சுவது அமெரிக்க வரலாற்றின் இன்னொரு பிரதி மட்டுமே. மலைமேலிருந்த சிறு ரயிலையும் கம்பிவடத்தையும் நம் முன்னோர் பேணி வைக்கவில்லை; 2010-இன் முடிவில் நின்றுபோய் 2023 ஜூனில் அகலப் பாதையாகத் திரும்பி வந்த போடி ரயிலின் பழைய சிறு வண்டிகளும் நினைவில் மட்டுமே நிற்கின்றன. ஜீப்பும் அவ்வழியே போய்விடுவதற்கு நாம் இடங்கொடுத்தலாகாது.

ஆகவே தம் ஜீப்பை விற்க நேர்ந்த போடிக்காரர்களிடம் பணிவுடன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். வண்டியை விற்பதில் இழுக்கில்லை. குடும்பத்தின் தேவை எந்த வாகனத்தைக் காட்டிலும் பெரிது. ஆனால் பழைய ஆர்.சி. புத்தகம் வேறு கைக்குப் போகுமுன் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்தில் ஓடியது, எஞ்சின் எந்த ஆண்டில் மாறியது, பாடி கட்டியவர் யார், நெடுங்காலம் ஓட்டிய ஓட்டுநர் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வாங்குபவரிடம் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் அவ்வண்டியை இம்மலையில் இருந்தவாறே வைத்துக்கொள்ள இசைவாரானால், விலையில் சிறிது விட்டுக்கொடுத்தாவது அவருக்கே விற்றுவிடுங்கள். ஊர்ப் பெரியோர்களும் ஏல வியாபாரிகளும் ஒன்றுகூடி, உழைத்த கோலத்திலேயே ஒரு ஜீப்பையேனும் விலைக்கு வாங்கி, அதில் ஏறிச் சென்ற பெண்களின் வாய்மொழியையும் கேட்டுப் பதிவு செய்து, போடியிலேயே நிறுத்தி வைப்பார்களானால், மலைக்கும் ஊருக்கும் இடையே இந்த ஊர் நடத்திய வாழ்க்கையை வருங்காலத்தவர் கண்ணால் கண்டு அறிய வழி பிறக்கும்.