ஆராய்ச்சி மணியும் கோரிக்கை மகஜரும்

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது என்பதும், கன்றை இழந்த பசு அம்மணியின் கயிற்றை இழுத்து முறையிட்டது என்பதும் நம் குழந்தைகளும் அறிந்த வரலாறு. அக்கதையில் அரசனின் நீதியைப் போற்றும் நாம், மற்றொன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. மணியின் கயிறு ஒரு பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. கயிறு எட்டாத இடத்தில் எத்தனை பெரிய மணி இருந்தாலும் எளியவனுக்கு அதனால் பயனில்லை.

மன்னராட்சி போய் அலுவலகங்களின் ஆட்சி வந்த பின்னர், அந்த மணியின் இடத்தை மனுவும் மகஜரும் பேராளர் குழுவும் பெற்றன. ஒரு தொழிலைச் சார்ந்தவர்களோ ஓர் இனத்தவரோ ஒன்றுகூடித் தங்கள் நலனுக்கேற்ப அரசின் முடிவுகளை அமைத்துக்கொள்ள முயல்வது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். மலாயாவில் நம் முன்னோர் காலத்தில் அந்தக் கயிறு யாருடைய கைக்கு எட்டியது, யாருடைய கைக்கு எட்டவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது இன்றைய தலைமுறைக்குப் பயன் தரும்.

தோட்ட முதலாளிகளின் செல்வாக்கு

இன்று வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் நிறைந்து விளங்கும் செராஸ் வட்டாரத்திலும், கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற பகுதிகளிலும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்தன. அத்தோட்டங்களின் உரிமையாளர்கள் தொடக்கத்திலிருந்தே அமைப்பாகத் திரண்டவர்கள். 1907ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இரப்பர் உற்பத்தியாளர் சங்கம் தோன்றியது. மலாயாவில் தோட்ட முதலாளிகளின் சங்கங்கள் 1934இல் மலாயா ஐக்கியத் தோட்ட முதலாளிகள் சங்கமாக ஒருங்கிணைந்தன. அவர்களுடைய பேராளர்கள் அன்றைய கூட்டரசு மன்றத்திலும் அமர்ந்திருந்தார்கள். இரப்பர் விலை வீழ்ந்தபோது உற்பத்தியைக் கட்டுப்படுத்த 1922 முதல் 1928 வரை நடைமுறையில் இருந்த ஸ்டீவன்சன் திட்டமும், 1934இல் ஏற்பட்ட அனைத்துலக இரப்பர் கட்டுப்பாட்டு உடன்பாடும் அத்துறையின் நலன் காக்க அரசாங்கங்கள் எவ்வளவு தூரம் முன்வந்தன என்பதைக் காட்டும்.

தொழிலாளரைத் தமிழகத்திலிருந்து தருவித்த ஏற்பாடும் அத்தகையதே. 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவில் அரசாங்க அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் இடம்பெற்றனர். முதலாளிகளிடமிருந்து பெற்ற கட்டணத்தைக் கொண்டு தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றதும், பிற்காலத்தில் கூலி விகிதங்களைத் தீர்மானித்ததும் அக்குழுவின் பணிகளாகும். கூலி கொடுப்பவர் உள்ளே அமர்ந்திருந்தார். கூலி பெறுபவர் வெளியே பால்மரத்தடியில் நின்றிருந்தார். கோப்பு எவர் கையில் தொடங்குகிறதோ அவர் கருத்தே பெரும்பாலும் முடிவாகும் என்பது நிருவாகம் அறிந்தோர் அனைவரும் அறிந்த உண்மை.

சாஸ்திரியாரின் வருகை

இந்நிலையில் தொழிலாளர் சார்பில் பேசுவதற்கு இருந்த முக்கிய வழி, கடல் கடந்த இந்திய அரசாங்கமே ஆகும். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் நியமிக்கப்பட்டார். அவர் தோட்டங்களுக்குச் சென்று பார்வையிட்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் கூலியாக நிர்ணயிக்கப்பட்டன. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அக்கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1936ஆம் ஆண்டில் இரு முக்கிய நிகழ்ச்சிகள் நடந்தன. ஆங்காங்கே தனித்தனியாக இயங்கிவந்த இந்தியர் சங்கங்கள் ஒன்றிணைந்து மலாயா மத்திய இந்தியர் சங்கத்தைத் தோற்றுவித்தன. அதே ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசாங்கத்தால் அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கை 1937இல் வெளிவந்தது. பழைய 50 காசு, 40 காசு கூலியை மீண்டும் வழங்க வேண்டும் என்றும், கங்காணிகள் மூலம் ஆள் திரட்டும் முறை நிறுத்தப்பட வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். எனினும், தொழிலாளர் குடியேற்றம் தொடர்வதை அவர் எதிர்க்கவில்லை. அறிக்கை மிக மென்மையானது என இங்குள்ள இந்தியத் தலைவர்கள் பலர் மனம் குமைந்தனர்.

மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளராக விளங்கிய கே.ஏ. நீலகண்ட ஐயர், மலாயாவில் இந்தியரின் பிரச்சினைகளைத் தொகுத்து 1938இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அரசுக்கு முறையிடுபவர் கண்ணீரோடு கணக்கையும் கொண்டு செல்ல வேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர்.

அதே 1938இல் இரப்பர் விலை சரிந்ததும் மீண்டும் கூலிக் குறைப்பு வந்தது. ஆண்களுக்கு 45 காசு, பெண்களுக்கு 36 காசு என்ற நிலை ஏற்பட்டது. இம்முறை இந்திய அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உதவிப் பயணத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதற்குத் தடை விதித்தது. மகஜர்களும் அறிக்கைகளும் பெற்றுத் தந்த மிகப் பெரிய விளைவு அதுவே எனலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. உதவிப் பயணத்தை நம்பியிருந்த தமிழகத்து ஏழைக்குப் பிழைப்பின் வழி ஒன்று அடைபட்டது. முறையிட்டவர் ஒருவர், அதன் சுமையைத் தாங்கியவர் மற்றொருவர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

கிள்ளான் கற்பித்த பாடம்

மத்திய இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வணிகர்கள் ஆவர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் தோட்டத்து லயத்துக்கும் பட்டணத்துச் சங்கக் கட்டடத்துக்கும் இடையே இருந்த தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடக்க முயன்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை என்பன அவர்களுடைய கோரிக்கைகள். துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் அப்பட்டியலில் இருந்தது. வயிற்றுக்கான கோரிக்கைகளோடு மானத்துக்கான கோரிக்கையும் இடம்பெற்றதை இன்று நினைக்கையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். அவ்வாண்டு இறுதியில் போர் மூண்டதால் இந்நிகழ்ச்சி பலருடைய நினைவிலிருந்து அகன்றது.

இவ்வரலாறு உணர்த்துவது என்ன? ஒரு சாராரின் குரல் அரசின் செவியில் எளிதாக விழும்போது, மற்றொரு சாராரின் குரலுக்கு முறையான வழி வேண்டும். அவ்வழி அடைபட்டால் முறையீடு தெருவுக்கு வருகிறது. அங்கே எளியவனே பெரிதும் இழக்கிறான். எனவே தொழிற்சங்கங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் உள்ள இடம் சலுகையன்று. நாட்டின் அமைதிக்கே அது தேவையாகும். போருக்குப் பின்னர் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசும், 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமும் தோன்றியதற்கு இந்த அனுபவமும் ஓர் அடிப்படை எனலாம்.

ஆலயங்களும் இவ்வழியில் நடைபோட்டவையே. தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூரில் அந்நாள் விடுமுறையாக இருந்தபோதும் கோலாலம்பூரில் அவ்வாறு இல்லை. கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் இடையே எல்லை செல்லும் செராஸில் சாலையின் ஒரு பக்கம் விடுமுறை, மறுபக்கம் வேலை நாள். நெடுநாளைய கோரிக்கைக்குப் பின்னர் 2008இல்தான் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் தைப்பூசம் பொது விடுமுறையாயிற்று.

நில விவகாரமானாலும் திருவிழா அனுமதியானாலும் இன்றும் ஆலய நிருவாகங்கள் அரசை நாட வேண்டியுள்ளது. ஆவணங்களைச் செம்மையாகப் பேணுதல், பிளவுபடாமல் ஒரே குரலில் பேசுதல், எவருக்காகப் பேசுகிறோமோ அவர்களை முதலில் கேட்டறிதல் ஆகிய மூன்றும் நம் முன்னோர் பட்ட பாடுகளிலிருந்து நாம் பெறும் செல்வங்கள். அவற்றுள் மூன்றாவதே தலையாயது. மணியின் கயிற்றைப் பிடித்திருப்பவர் யாராயினும், கன்றை இழந்தவரின் துயரம் அந்த ஒலியில் இருத்தல் வேண்டும்.