ஓர் இலட்சம் என்ற இலக்கத்தின் கதை

சில மாதங்களுக்கு முன்னர் எனது நீண்டகால நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அவரது மனைவி ஒரு கடதாசியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். சிறுநீர்த்தொற்றுக்காக வைத்தியர் கொடுத்த அன்ரிபயோட்டிக் மாத்திரைகளை ஐந்து நாட்களும் தவறாமல் உட்கொண்டு முடித்து மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. நீர்க்கடுப்பு நின்றபாடில்லை. இரவில் நான்கு தடவைகளாவது எழும்பவேண்டியிருக்கிறது. இரண்டாவது தடவை சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுத்தபோது வந்த அறிக்கைதான் அந்தக் கடதாசி. "குறிப்பிடத்தக்க வளர்ச்சி எதுவும் இல்லை" என்று அதில் ஒரேயொரு வரி இருந்தது. ரிப்போட்டில் ஒன்றுமில்லை, தண்ணீரை நிறையக் குடியுங்கள் என்று சொல்லி வைத்தியர் அனுப்பிவைத்துவிட்டார்.

"ஒன்றுமில்லை எண்டால் எனக்கு ஏன் அண்ணா எரியுது?" என்று அவர் கேட்டார்.

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால், பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கும் மேலாகக் காலத்தைக் கழித்தவனுக்கு 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லைக் கண்டால் ஒரு சந்தேகம் எழாமல் இருக்காது. எவ்வளவுக்கு மேல் போனால் குறிப்பிடத்தக்கது? அந்த எல்லையை யார் வகுத்தார்கள்? எப்போது வகுத்தார்கள்? தேடிப் பார்த்ததில் இற்றைக்கு சுமார் எழுபது வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்த ஓர் இலக்கம் அகப்பட்டது. ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் ஓர் இலட்சம் பற்றீரியாக்கள் என்பதே அந்த இலக்கம்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. ஆரோக்கியமான மனிதனின் சிறுநீரில் கிருமிகள் எவையுமே கிடையாது என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. காற்றிலுள்ள கிருமிகள் உட்புகாதவாறு பாதுகாத்தால் சிறுநீர் பழுதடையாமல் இருக்கிறது என்பதை பிரான்ஸில் லூயி பாஸ்ரர் காட்டினார். நவீன சத்திரசிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் ஜோசப் லிஸ்ரரும் வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் குடுவைகளில் சிறுநீரை வைத்து இதே பரிசோதனையைச் செய்தவர். 1869 ஆம் ஆண்டில் அவர் கிளாஸ்கோவில் இருந்து எடின்பரோவுக்கு இடம்மாறியபோது அந்தக் குடுவைகளையும் தன்னுடன் ரயிலில் எடுத்துச்சென்றார். சிறுநீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்த பேராசிரியரைக் கண்டு சக பயணிகளுக்கு வேடிக்கையாக இருந்ததாம். லிஸ்ரரும் பாஸ்ரரும் நிரூபிக்க முனைந்தது கிருமிகள் தாமாகத் தோன்றுவதில்லை என்பதையே. அந்தப் பெரிய உண்மையின் நிழலில் 'சிறுநீர் கிருமியற்றது' என்ற உப கருத்தும் பாடநூல்களில் இடம்பிடித்துக்கொண்டது.

பொஸ்டன் நகர வைத்தியசாலையில் பணியாற்றிய எட்வேர்ட் காஸ் 1950 களில் எதிர்கொண்ட பிரச்சினை நடைமுறை சார்ந்தது. சாதாரணமாகப் பிடிக்கப்படும் சிறுநீரில் உடலின் வெளிப்புறத்திலுள்ள கிருமிகள் கலந்துவிடும். அதைத் தவிர்ப்பதற்காக சிறுநீர்ப்பைக்குள் குழாயைச் செலுத்தி எடுத்தார்கள். ஆனால், அந்தக் குழாயே கிருமிகளை உள்ளே கொண்டுசென்றது. 1958 ஆம் ஆண்டில் போல் பீஸன் என்ற புகழ்பெற்ற வைத்திய நிபுணர் குழாய்க்கு எதிராகவே ஒரு வைத்திய சஞ்சிகையில் ஆசிரிய தலையங்கம் தீட்டவேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. குழாய் இல்லாமல் பிடித்த சிறுநீரில், வெளியில் இருந்து கலந்த கிருமி எது, உள்ளே பெருகிய கிருமி எது என்று பிரித்தறிவது எப்படி? எண்ணிப் பார்ப்பதே வழி என்று காஸ் கண்டார். சிறுநீரகத் தொற்றினால் காய்ச்சலும் முதுகுவலியுமாக வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையானோரிடம் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. நோய் அறிகுறி எதுவுமில்லாத பெண்களிடம் ஒரு தடவை அந்த எண்ணிக்கை காணப்பட்டால் கிருமி உண்மையிலேயே உள்ளே இருப்பதற்கு நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. இரு தடவைகள் தொடர்ந்து காணப்பட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு. 1956 இலும் 1957 இலும் அவர் இவற்றை வெளியிட்டார்.

அது மகத்தான பணி என்பதில் சந்தேகமில்லை. கர்ப்பிணித் தாய்மாரின் சிறுநீரை அறிகுறி இல்லாதபோதே பரிசோதித்து சிகிச்சை அளித்தால் சிறுநீரகத் தொற்றைப் பெருமளவில் தடுக்கலாம் என்பது அவரது பணியில் இருந்து கிடைத்த பயன். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. (இதே காஸ் பின்னாளில் தனது துணைவியார் அமாலியுடன் சேர்ந்து, தொமஸ் ஹொட்ஜ்கின் என்ற வைத்தியரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். வரலாற்றில் இத்தகைய நாட்டமுள்ள ஒருவரின் இலக்கத்துக்கு நேர்ந்த கதியை என்னவென்பது!)

வாசகர்கள் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று இங்கே உண்டு. காஸ் ஆராய்ந்தவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் சிறுநீரகம்வரை தொற்று ஏறியவர்கள். மற்றைய வகையினர் எந்த உபாதையும் இல்லாதவர்கள். நீர்க்கடுப்புடன் வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் குந்தியிருக்கும் பெண் இந்த இரண்டிலுமே அடங்கமாட்டார். ஆனால், ஓர் இலட்சம் என்பது நினைவில் வைத்துக்கொள்வதற்கு இலகுவான இலக்கம். ஆய்வுகூடங்களுக்கு வசதியான இலக்கம். எந்தக் கேள்விக்கு விடையாக அது வந்தது என்பது மறக்கப்பட்டு இலக்கம் மாத்திரம் உலகம் முழுவதும் பயணம் செய்தது. செய்தி அறைகளில் நாம் தினமும் காணும் காட்சிதான் இது. ஒரு பேச்சின் பின்னணி உதிர்ந்துபோய் தலைப்பு மாத்திரம் எஞ்சுகின்றது.

எரிச்சலோடு வந்து எண்ணிக்கை ஓர் இலட்சத்துக்குக் கீழே காணப்பட்ட பெண்கள் ஏராளம். அவர்களுக்குத் தொற்று இல்லையென்று கூறப்பட்டது. பதிலாக 'சிறுநீர்வழி நோய்க்குறித்தொகுதி' என்று ஒரு பெயர் கிடைத்தது. காரணம் தெரியாத இடத்தில் வைக்கப்பட்ட பெயர் அது. சிலருக்கு சிறுநீர்வழியை கருவிகொண்டு விரிவாக்கினார்கள். வேறு சிலருக்கு மனதில்தான் கோளாறு என்று சொல்லப்பட்டது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொசலின்ட் மாஸ்கெல் என்ற பெண் வைத்தியர் இந்த விளக்கத்துடன் திருப்தியடையவில்லை. வழமையான சோதனையில் சிறுநீரை ஓர் இரவு மாத்திரம் வளர்ப்பூடகத்தில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் முடிவை எழுதிவிடுவார்கள். மெதுவாக வளரும் கிருமிகளுக்கு அது போதாது. அவர் காபனீரொட்சைட்டு சேர்ந்த சூழலில் கூடுதல் நேரம் வைத்துப் பார்த்தபோது வழமையான சோதனையில் தோன்றாத பற்றீரியாக்கள் வளர்ந்தன. 1979 ஆம் ஆண்டில் 'லான்செற்' சஞ்சிகையில் அவரும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். அந்தக் கிருமிகள்தான் நோயை ஏற்படுத்தின என்பதைப் பலர் ஏற்க மறுத்தார்கள். அந்த விவாதம் தீராமலேயே பின்தள்ளப்பட்டது.

அடுத்த வருடம் சியாற்றில் நகரில் வோல்ற்றர் ஸ்ராம் என்ற ஆய்வாளர், இதே 'நோய்க்குறித்தொகுதி' என்று ஒதுக்கப்பட்ட 59 பெண்களை ஆராய்ந்தார். அவர்களில் பெரும்பாலானோரிடம் உண்மையான தொற்று இருந்தது. சிலரிடம் குறைந்த எண்ணிக்கையில் குடற்கிருமிகள். வேறு சிலரிடம் வழமையான வளர்ப்புச் சோதனையில் ஒருபோதும் அகப்படாத கிளமிடியா. 1982 இல் அவர் இன்னொரு படி மேலே சென்று, சிறுநீர்ப்பையில் இருந்தே நேரடியாக எடுத்த சிறுநீருடன் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் இலட்சம் என்ற அளவுகோல் குடற்கிருமித் தொற்று உடையவர்களில் 51 சதவீதத்தினரை மாத்திரமே கண்டுபிடித்தது. மற்றைய பாதிப்பேரைக் கைவிட்டது. எரிச்சல் அறிகுறி உள்ள பெண்களைப் பொறுத்தவரை நூறு பற்றீரியாக்களே போதும் என்பது அவரது முடிவு. நூறு எங்கே, ஓர் இலட்சம் எங்கே! ஆனாலும், பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் பழைய எல்லையையோ அல்லது அதற்கும் நூறுக்கும் இடைப்பட்ட ஏதோவொரு எல்லையையோ தொடர்ந்தும் பின்பற்றுகின்றன.

மாத்திரைகளை முடித்த பின்னரும் உபாதை ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்கு இன்னொரு பக்கத்தில் இருந்தும் வெளிச்சம் விழுந்தது. சென்ற் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்கொற் ஹல்ற்கிறெனின் குழுவினர், ஈ. கோலை பற்றீரியாக்கள் எலிகளின் சிறுநீர்ப்பைச் சுவர்க் கலங்களுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகக் குடியேறுவதை 2003 இல் காட்டினார்கள். கலத்துக்குள் பதுங்கியிருப்பதை மருந்து எளிதில் எட்டாது. சிறுநீரிலும் அது தென்படாது. 2007 இல் 80 பெண்களின் சிறுநீரை ஆராய்ந்தபோது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோரிடம் இத்தகைய கூட்டங்களின் அடையாளம் தெரிந்தது. சுவருக்குள் பதுங்கும் கிருமிதான் தொடரும் உபாதைக்கு எல்லாம் காரணம் என்று இதில் இருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஆனால், சிறுநீரில் இல்லாதது சிறுநீர்ப்பையிலும் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

பின்னர் லிஸ்ரர் காலத்து நம்பிக்கையே ஆட்டம்கண்டது. சிக்காகோவின் லோயோலா பல்கலைக்கழகத்தில் அலன் வுல்ஃப், லிண்டா புரூபேக்கர் ஆகியோரின் குழு 2012 இல் மரபணு முறையிலும் 2014 இல் விரிவான வளர்ப்பு முறையிலும் பெண்களின் சிறுநீர்ப்பையை ஆராய்ந்தது. 65 மாதிரிகளில் 52 இல் பற்றீரியாக்கள் வளர்ந்தன. அந்த 52 இல் 48 மாதிரிகள் வழமையான சோதனையில் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கையிடப்பட்டவை. மாஸ்கெலின் ஆய்வுகூடத்தில் வளர்ந்தவையும் மாயத்தோற்றங்கள் அல்ல என்று ஆகிவிட்டது. ஆனால், விடயம் இதனால் சிக்கலாகியதே தவிர எளிமையடையவில்லை. உபாதை இல்லாத பெண்களிடமும் பற்றீரியாக்கள் உண்டு என்றால், உபாதை உள்ளவரிடம் காணப்படுவது குற்றவாளியா அல்லது வெறும் குடியிருப்பாளரா?

இந்தக் கேள்வியை வைத்து லண்டனில் ஒரு போராட்டமே நடந்தது. பேராசிரியர் ஜேம்ஸ் மலோன் லீ, சோதனை முடிவைவிட நோயாளியின் அறிகுறிகளையும் புதிய சிறுநீரில் நுணுக்குக்காட்டியில் தெரியும் வெண்குருதிக் கலங்களையும் நம்பி மாதக்கணக்கில் அன்ரிபயோட்டிக் கொடுத்தவர். 2015 இல் அவரது கிளினிக்கின் செயற்பாடு நிறுத்தப்பட்டபோது நோயாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சட்ட நடவடிக்கையிலும் இறங்கினார்கள். கிளினிக் மீண்டும் இயங்கியது. தங்களை நம்பிய ஒரேயொரு வைத்தியர் என்று அப்பெண்கள் அவரைக் கொண்டாடினார்கள். நீண்டகால அன்ரிபயோட்டிக் மருந்துக்கு இசைவுறாத கிருமிகளைப் பெருக்கும் என்று மற்றையவர்கள் எச்சரித்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதே எனது அபிப்பிராயம்.

ஏனென்றால் அதே ஓர் இலட்சம் மறுதிசையிலும் கேடு செய்திருக்கிறது. முதியவர்களின் சிறுநீரில் எந்த உபாதையும் இல்லாமலே பெருமளவில் பற்றீரியாக்கள் இருப்பது சர்வ சாதாரணம். அறிக்கையில் பெரிய இலக்கத்தைக் கண்டதும் தேவையற்ற மருந்து கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகள், குறித்த சில சிறுநீர்வழிச் சத்திரசிகிச்சைகளுக்குச் செல்பவர்கள் போன்றோரைத் தவிர்ந்த ஏனையோருக்கு அறிகுறி இல்லாவிட்டால் சிகிச்சை வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோயியல் சங்கம் 2005 இலும் 2019 இலும் வலியுறுத்தியது. அச்சங்கத்தின் ஸ்தாபகர்களில் காஸும் ஒருவர்!

நண்பரின் மனைவிக்குத் திரும்பவும் வருகின்றேன். மருந்துக்கடையில் துண்டு இல்லாமல் இன்னொரு பெட்டி மாத்திரை வாங்குவதற்கு அவர் தயாராக இருந்தார். அதைமட்டும் செய்யவேண்டாம் என்று தடுத்தேன். காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் இரத்தம் போன்றவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது என்றும் சொன்னேன். தண்ணீர் ஆலோசனையை நான் ஏளனம் செய்யவில்லை. குறைவாகத் தண்ணீர் அருந்தும் பெண்கள் தினமும் ஒன்றரை லீற்றர் கூடுதலாக அருந்தியபோது தொற்று திரும்பவருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்பதை 2018 இல் ஓர் ஆய்வு காட்டியது. எமது ஆச்சிமார் பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் அவித்த நீரும் தந்ததில் அந்தத் தண்ணீருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

பிறகு அவர் பெண்நோயியல் நிபுணர் ஒருவரிடம் சென்றார். அந்த அம்மையார் பழைய அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அரைமணி நேரம் கேள்விகள் கேட்டிருக்கிறார். இம்முறை குறைந்த எண்ணிக்கையையும் எழுதித் தருமாறு குறிப்பிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அதிலும் எதுவும் அகப்படவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ரஜன் குறைவதால் அந்தப் பகுதி மெலிந்து வறண்டுபோவதுதான் எரிச்சலுக்குக் காரணம் என்று கண்டு பூசும் மருந்தொன்றைக் கொடுத்தார். அத்தகைய ஹோர்மோன் களிம்பு முதிய பெண்களில் சிறுநீர்த்தொற்று திரும்பவருவதையும் வெகுவாகக் குறைக்கிறது என்பதை 1993 இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வு ஒன்று நிரூபித்தது. அதை வெளியிட்ட இருவரில் ஒருவர் அதே வோல்ற்றர் ஸ்ராம்.

இரண்டு மாதங்களில் இரவில் எழும்புவது ஒரு தடவையாகக் குறைந்துவிட்டது என்று கடந்த வாரம் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பழைய கடதாசியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கைப்பைக்குள்தான் இருக்கிறதாம்.