குளவிக்கு வழிவிட்ட ஊர், கத்தரியை மறித்த நாடு

2010-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பெயரோடு இரண்டு புதுச்சரக்குகள் விவசாயிகள் பக்கம் வந்தன. ஒன்று வெளிநாட்டுக் குளவி. இன்னொன்று மரபணு மாற்றிய கத்தரி. குளவியைப் பெட்டியில் வாங்கிவந்து காட்டில் திறந்து விட்டார்கள். கத்தரியை அந்த வருடம் பிப்ரவரி 9-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். இன்றைக்கும் அது நின்றபடிதான் இருக்கிறது. நம் மக்களுக்கு விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை உண்டா இல்லையா என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள், இந்த இரண்டையும் தம்மம்பட்டி வரப்பில் நின்று பார்த்தால் பேச்சை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் நடுவே, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் பருத்தியும் மக்காச்சோளமும் கத்தரியும் பக்கத்துப் பக்கத்துக் காடுகளில் விளைகிற ஊர் இது.

முதலில் குளவி. பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. 2008-இல் கோவையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இரண்டே வருடத்தில் பப்பாளி, மல்பெரி, பருத்தி, குச்சிக்கிழங்கு என்று கொங்கு மண்டலத்திலும் சேலம், நாமக்கல்லிலும் பரவிவிட்டது. குச்சிக்கிழங்கில் அது வந்தால் நுனிக்கொழுந்து சுருண்டு, இலையடியில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளை படியும்; அதன் இனிப்புக் கழிவுக்கு எறும்பு வரிசை கட்டும்; இலையில் கரும்பூசணம் ஏறும். பூச்சியின் உடம்பு முழுக்க மெழுகு. டேங்க் டேங்காக மருந்தடித்தாலும் மேலே பட்டு வழிந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பூச்சி பழையபடி இருக்கும், மருந்துக்கடைப் பாக்கி மட்டும் ஏறியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை மூலம் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபாகஸ் பப்பாயே என்ற குளவியைத் தருவித்தது. குளவி என்றதும் கொட்டுகிற ஜாதியை நினைக்க வேண்டாம், எள்ளைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், உள்ளே புழு வளர்ந்து அதைத் தின்றுவிடும். பூச்சி காய்ந்து பழுப்பேறிக் கூடாகிவிடும். அந்தக் கூட்டை நகத்தால் திருப்பிப் பார்த்தால் ஒரு முனையில் வட்டமான ஓட்டை தெரியும். குளவி வெளியேறிய வழி அது. தனிமைக்காப்பில் வைத்துச் சோதித்த பிறகு பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பட்டு வளர்ச்சித் துறையும் இதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தன. சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது இலவசமாய்க் கொடுத்ததை மட்டுமல்ல. கூடவே வந்த கட்டளை கடினமானது: மருந்தடிக்காதே. அடித்தால் குளவிதான் முதலில் சாகும். கண்ணெதிரே கொழுந்து சுருண்டுகொண்டிருக்க, மோட்டார் ரூமில் டேங்க் சும்மா தொங்க, ஒரு காட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்குக்கு மாவுச்சத்து ‘பாயிண்ட்’ பார்க்கும் கருவியையே பாதி நம்பாத ஆள் அவர். அளவுக்கருவியும் விஞ்ஞானம்தான். ஆனால் அதில் வருகிற எண்ணால் லாபம் யாருக்கு என்பது அவருக்குத் தெரியும். குளவியால் யாருக்கும் கமிஷன் இல்லை.

கத்தரியின் கதை வேறு. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காக வாரத்துக்கு ஒரு தடவை, சில இடங்களில் அதற்கும் மேல், மருந்தடிக்கிறார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைச் செடியிலேயே புகுத்திவிட்டால் புழு தானாகச் சாகும் என்றது மகிகோ விதை நிறுவனம். மரபணு நுட்பம் அந்த நிறுவனத்துடையது, அதன் பின்னால் அமெரிக்க விதைக் கம்பெனி மான்சான்டோ. ஆனால் அதே மரபணுவை கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 என்ற நான்கு ரகங்களில் ஏற்றியது நம் வேளாண் பல்கலைக்கழகமே. விவசாயி விதையெடுத்து மறுபடி விதைக்கக்கூடிய ரகங்கள் இவை. 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார். அவற்றில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. கோவையின் நான்கு ரகங்கள் அந்தச் சத்தத்தில் காணாமலே போயின. மான்சான்டோவின் முகம் மட்டும் தெரிந்தது.

நிபுணர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஒப்புதல் குழுவுக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பிய பார்வையாளரான புஷ்ப பார்கவா, மூலக்கூறு உயிரியலில் பெரிய பெயர், வெளிப்படையாக எதிர்த்தார். அதே 2010 செப்டம்பரில் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் சேர்ந்து கத்தரிக்கு ஆதரவாக ஓர் அறிக்கை கொடுத்தன. அதில் சில பகுதிகள், மரபணு மாற்றிய பயிர்களை ஆதரிக்கும் விஞ்ஞானி ஒருவரின் கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. பரீட்சையில் பிட் அடித்தால் பையனை வெளியே அனுப்புகிறோம். ஆறு கழகங்களை என்ன செய்வது? கழகங்கள் பிறகு அறிக்கையைத் திருத்தின. திருத்தியதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

ஆபத்து என்ற கணக்கில் பார்த்தால் இரண்டும் தலைகீழாக நடந்திருக்கின்றன என்பதுதான் என்னை உறுத்துவது. விட்ட குளவியைத் திரும்பக் கூப்பிட முடியாது. அது தானே பெருகும், வரப்பு தாண்டும், மாவட்டம் தாண்டும். வேறு பூச்சியைத் தின்னப் பழகினால் தடுக்க ஆள் கிடையாது. கத்தரி விதையை அடுத்த பருவத்தில் விதைக்காமல் விட்டாலே பெரும்பாலும் முடிந்தது. திரும்பப் பெற முடியாததை யாரும் கேள்வி கேட்காமல் விட்டோம், நிறுத்தக்கூடியதைக் கூட்டம் போட்டு நிறுத்தினோம். குளவியைப் பற்றிய கேள்விகள் பெங்களூர் ஆய்வகத்தில் கேட்கப்பட்டன என்பது உண்மை. அது தம்மம்பட்டிக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள யாரும் கேட்கவுமில்லை. ஆகவே குளவியை ஏற்றதை விழிப்புணர்வு என்றும் கத்தரியை மறுத்ததை அறியாமை என்றும் எழுதுவது சோம்பேறித்தனம்.

‘மக்கள்’ என்று ஒரே ஆளைப்போல் பேசுவதும் சரியில்லை. 2002-இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய பி.டி. பருத்தியை இதே சேலம் மாவட்டக் காட்டுக்காரர்கள் பாக்கெட் விலையைத் திட்டிக்கொண்டே விதைத்தார்கள். அதே பாக்டீரியாவின் மரபணு, அதே வகை நுட்பம். பருத்தி வேட்டியாகும், கத்தரி குழம்பாகும், பயந்தவர் தின்கிறவர். சந்தையில் கத்தரிக்காயை உருட்டிப் பார்த்து, புழு ஓட்டை இருந்தால் மருந்தடிக்காத காய் என்று சந்தோஷமாக வாங்குகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டை இல்லாத பளபளப்பில் எத்தனை டேங்க் இருக்கிறது என்று யாரும் கூட்டம் போட்டுக் கேட்டதில்லை. பழகிய விஷத்துக்குக் கிடைக்கிற சலுகை புதிய மரபணுவுக்குக் கிடைக்கவில்லை.

வங்கதேசம் இதே மகிகோ மரபணுவை வாங்கி, அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் நான்கு ரகங்களில் ஏற்றி, 2014-இல் இருபது விவசாயிகளோடு ஆரம்பித்தது. விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அங்கேயும் எதிர்ப்பு இருந்தது, ஆனாலும் பரப்பு விரிந்தது. கோவை ரகங்களைக் கம்பெனியிலிருந்து பிரித்து இப்படிச் சின்னதாகத் தொடங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கே நம் பக்கம் பிறகு குச்சிக்கிழங்குக்கென்றே ஒரு மாவுப்பூச்சி வந்தது. 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, விதைக்குச்சியோடு சேலம் வரை ஏறியது. இதற்கும் குளவிதான்: எண்பதுகளின் தொடக்கத்தில் பராகுவேயில் கண்டெடுக்கப்பட்டு, பூச்சி விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் தலைமையில் ஆப்பிரிக்காவில் பரவலாக விடப்பட்ட அனகைரஸ் லோபெசி. பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் வந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. ஏத்தாப்பூருக்குத் தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர் போய் பஸ் மாறினால் போதும். குளவி வேலை செய்யவில்லை என்றால் காய்ந்த கொழுந்தை ஒடித்துக்கொண்டு போய் அந்த வாசலில் சத்தம் போடலாம். கத்தரியில் மரபணு கம்பெனியுடையது, ஒப்புதல் டெல்லியுடையது, விதை கோவையுடையது. பயிர் பொய்த்தாலோ தின்றவருக்கு ஏதாவது ஆனாலோ எந்த வாசலுக்குப் போவது என்று அந்த ஏழு ஊர்க் கூட்டம் முடிந்தபோதும் தம்மம்பட்டிக்காரருக்குத் தெரியாது.