எடையும் ஊதியமும்: சென்னைத் திடக்கழிவு மேலாண்மையில் தனியார் பங்கேற்பு (2000–2020)

திடக்கழிவு அகற்றலைத் தனியாரிடம் ஒப்படைத்த இந்திய நகராட்சி அமைப்புகளுள் சென்னை மாநகராட்சி முன்னோடியானது. 2000ஆம் ஆண்டில் சி.இ.எஸ். ஓனிக்ஸ் நிறுவனம் மூன்று மண்டலங்களில் இப்பணியை ஏற்றது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்காவும் 2012இல் ராம்கியும் அதனைத் தொடர்ந்தன. ஒப்பந்தங்களின் விளைவைத் தீர்மானித்தது நிறுவனம் அன்று. ஊதியம் கணக்கிடப்பட்ட அலகே என இக்கட்டுரை கருதுகிறது.

தொடக்கத்தில் ஊதியம், அகற்றிய குப்பையின் எடையைச் சார்ந்திருந்தது. தெருக்குப்பை விரைந்து அகல இம்முறை துணைசெய்தது. ஆயின், அதே ஆண்டு நடுவணரசு அறிவித்த நகராட்சித் திடக்கழிவு விதிகள், கழிவைப் பிரிப்பதை ஊக்குவிக்கவும், மக்காத, மறுசுழற்சிக்கு உதவாத கழிவை மட்டுமே நிலத்தில் நிரப்பவும் பணித்தன. எடைக்கு ஊதியம் பெறும் நிறுவனத்திற்குக் கழிவுக் குறைப்பு வருவாய் இழப்பாகும். எடைமேடையில் கட்டட இடிபாடும் குப்பைக்கு நிகரே. கொடுங்கையூர், பெருங்குடிக் கிடங்குகள் இச்சுமையை ஏற்றன.

2020இல் உர்பேசர் சுமீத்துடன் செய்த ஒப்பந்தம் எடையை விடுத்துப் பணித்திறன் குறியீடுகளை ஊதியத்திற்கு அடிப்படையாக்கியது. பணியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். எதனை அளந்து ஊதியம் வழங்குவது என்னும் முடிவு உள்ளாட்சியின் கடமையாகவே நிற்கிறது.